ஆகக் குறைந்த செலவுக் கணக்கில் எமக்கும் ஒரு வரி

வீரமுனையில் நடந்த எமது கடைசிக் கிளைக் கூட்டத்தில் மின் கட்டணம் பற்றிப் பேச்சு வந்தது. கரும்பு வெட்டும் உறுப்பினர்களும், தென்னந்தோட்டங்களில் வேலை செய்வோரும், மலையகத்தில் உறவுகளை வைத்திருப்போரும் இருந்தார்கள். நுரைச்சோலை வந்தது எப்படி, சம்பூரில் வராமல் போனது எப்படி, மன்னாரில் காற்றாலை ஏன் என்று பேச்சு நீண்டபோது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். “எந்த இடத்தில எந்த ஸ்டேஷன் கட்டுறது எண்டு கொம்பியூட்டர்தானே கணக்குப் போட்டுச் சொல்லுது. கொம்பியூட்டருக்கு எதிரா நாம என்னத்தைக் கோஷம் போடுறது?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பதில் சொல்ல எவருக்கும் வரவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலாகவே இதை எழுதுகிறோம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இலங்கை மின்சார சபை இருபது ஆண்டுகளை முன்வைத்து ஒரு திட்டம் தயாரித்து வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை அதைத் திருத்தியது. 2015–2034, 2018–2037, 2022–2041, 2023–2042 என்று தலைப்பில் ஆண்டுகள் மாறிக்கொண்டே போயின. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் 2013இல் வந்த அதன் திருத்தமும் இதற்கு ‘ஆகக் குறைந்த செலவிலான’ நீண்டகால மின் உற்பத்தி விரிவாக்கத் திட்டம் என்று பெயர் வைத்தன. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை அங்கீகரிக்க வேண்டும். புதிய மின் நிலையம் ஒன்று வருவதென்றால் அது இந்தத் திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். திட்டத்தின் மையத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது என்பதும் உண்மை.

அந்த மென்பொருள் செய்யும் வேலை எமக்குப் புதியதல்ல. நம்மூரில் வயல் செய்கிறவர் ஒவ்வொருவரும் போகம் தொடங்கும்போது அதே கணக்கைப் போடுகிறார். உழவு இயந்திரத்தைச் சொந்தமாக வாங்குவதா, வாடகைக்குப் பிடிப்பதா? ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். சொந்தமாக வாங்கினால் ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபாய் தவணை, அதன்மேல் ஏக்கருக்கு 5,000 ரூபாய் எண்ணெய்ச் செலவு. வாடகை என்றால் தவணை இல்லை, ஏக்கருக்கு 15,000 ரூபாய். 60 ஏக்கரில் இரண்டும் சரிசமம். அதற்குக் குறைந்தால் வாடகை இலாபம், கூடினால் சொந்தம் இலாபம். மின் நிலையங்களும் இப்படித்தான். நிலக்கரி நிலையம் கட்டுவதற்குப் பெரும் பணம் வேண்டும், ஓட்டுவதற்குச் செலவு குறைவு. டீசலில் ஓடும் சுழலி கட்டுவதற்கு மலிவு, ஓட்டினால் பணம் புகையாகப் போகும். நாள் முழுவதும் ஓட வேண்டிய நிலையம் ஒருவகை, மாலை 6.30 முதல் 10.30 வரை மட்டும் ஓட வேண்டியது இன்னொரு வகை. இந்த வகைகளை எந்த ஆண்டில் எத்தனை சேர்த்தால் இருபது ஆண்டின் மொத்தச் செலவு குறையும் என்பதை ஆயிரக்கணக்கான சேர்க்கைகளைப் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் மென்பொருளின் வேலை.

மின்சார சபை நெடுங்காலம் பயன்படுத்தியது ‘வாஸ்ப்’ என்ற மென்பொருள். வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகம் வளரும் நாடுகளுக்குக் கொடுத்தது அது. அதன் பிறப்பையும் இங்கே சொல்லிவிடலாம். வளரும் நாடுகளில் அணு மின் நிலையங்களுக்கு எவ்வளவு சந்தை உண்டு என்று அந்த முகவரகம் 1972–73இல் ஓர் ஆய்வு நடத்தியது. அந்த ஆய்வுக்காக அமெரிக்காவின் தென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையும் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடமும் சேர்ந்து எழுதிய நிரல்தான் வாஸ்ப். அதற்காக அது அணு உலையைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று நாம் சொல்லவில்லை. இலங்கைக்கு அது பலமுறை நிலக்கரியைத்தான் தேர்ந்தெடுத்தது. எந்தக் கருவியையும் எவரோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காகத்தான் செய்திருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறோம்.

வாஸ்ப் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதற்கு எமது செக்ரோலையே உதாரணமாக எடுக்கலாம். ஒரு தொழிலாளியின் மாதக் கொழுந்து நிறையைத் திகதி வரிசையில் எழுதாமல் கூடியதிலிருந்து குறைந்தது வரை அடுக்கி எழுதினால் மொத்தம் மாறாது. ஆனால் எந்த நாள் மழை, எந்த நாள் பிள்ளைக்குச் சுகமில்லை என்பது அழிந்துவிடும். வாஸ்ப் நாட்டின் மின் தேவையை அப்படித்தான் அடுக்கும். எந்த மணிக்குப் பிறகு எந்த மணி வந்தது என்பது அதற்குத் தெரியாது. நண்பகலில் சூரிய மின்சாரம் பொங்கி வழிவதும், மக்ரிப் நேரம் கடைத்தெருவில் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிவதும் அதற்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு எண்கள். நீர்மின் நிலையங்களை அது கூடிப்போனால் இரண்டு மூட்டைகளாகத்தான் கட்டும். லக்சபானையும் விக்டோரியாவும் நம் இங்கினியாகலையும் அந்த மூட்டைக்குள் அடக்கம். முழு நாடும் அதற்கு ஒரே ஒரு புள்ளி. சம்மாந்துறைக்கு வரும் கம்பி அதன் வரைபடத்தில் இல்லை. சூரியனும் காற்றும் கூடிய பிறகு இது போதாது என்று மின்சார சபையே உணர்ந்தது. பிந்திய திட்டங்களில் பிரேசில் நிறுவனம் ஒன்றின் ‘ஒப்ட்ஜென்’ மென்பொருளுக்கு மாறியது. நல்ல மாற்றம்தான்.

ஆனால் எந்த மென்பொருளானாலும் கொடுத்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடும். உறுப்பினரின் கேள்விக்கு நாம் சொல்லும் பதில் அங்கேதான் தொடங்குகிறது. அந்த எண்களைக் கொம்பியூட்டர் கொடுக்கவில்லை. ஆட்கள் கொடுக்கிறார்கள்.

முதலாவது எண், கழிவு வீதம். இன்றைய 100 ரூபாயும் இருபது ஆண்டு கழித்து வரும் 100 ரூபாயும் ஒன்றல்ல என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறைத்து மதிப்பது என்பதுதான் பிரச்சினை. எமது நாட்டின் திட்டங்களில் வழமையாக எடுக்கப்பட்டது 10 வீதம். அந்தக் கணக்கில் இருபது ஆண்டு கழித்து நாம் கொடுக்கப்போகும் 100 ரூபாய் எரிபொருள் செலவு இன்று 15 ரூபாயாகத் தெரியும். முப்பது ஆண்டு கழித்து என்றால் 6 ரூபாய்கூட இல்லை. 3 வீதம் என்று வைத்தால் இருபது ஆண்டுக் கணக்கு 55 ரூபாயாக ஏறிவிடும். இதன் விளைவு என்ன? சூரியன், காற்று, நீர் ஆகியவற்றுக்குச் செலவு முன்கூட்டியே வரும், பிறகு எரிபொருள் வாங்கத் தேவையில்லை. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் செலவு வருடா வருடம் வரும். வீதத்தைக் கூட்டினால் வருடா வருடம் வரும் செலவு சுருங்கி, எரிக்கிற நிலையம் மலிவாகத் தெரியும். நம் பிள்ளைகள் கட்டப்போகும் பட்டியலை இன்று எத்தனை சதமாகப் பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண் இது. 3 வீதத்திலும் 15 வீதத்திலும் போட்டுப் பார்த்த கணக்குகளும் அதே திட்ட நூல்களின் பின்பகுதியில் இருக்கின்றன. அவற்றை மேசைக்குக் கொண்டுவந்து பேசுவோர் எத்தனை பேர்?

இரண்டாவது எண், இருளின் விலை. மின்சாரம் இல்லாமல் போகும் ஒவ்வோர் அலகுக்கும் நாட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று மென்பொருளுக்கு ஒரு விலை சொல்ல வேண்டும். அந்த விலை குறைவாக இருந்தால் ‘புது நிலையம் கட்டுவதைவிட இருட்டில் விடுவது மலிவு’ என்று அது முடிவெடுக்கும். 2011இல் ஆணைக்குழு கொடுத்த மதிப்பு ஓர் அலகுக்கு அரை டொலர். பிறகு வந்த திட்டங்கள் அதையே விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி எடுத்தன. நாடு முழுவதற்கும் ஒரே சராசரி. மருதமுனையில் கைத்தறியில் இருப்பவருக்கு மாலை இரண்டு மணித்தியாலம் விளக்கில்லை என்றால் என்ன நட்டம், லயத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு என்ன நட்டம், கல்முனையில் பிடித்த மீனுக்கு ஐஸ் இல்லையென்றால் என்ன நட்டம் என்று அந்தச் சராசரி கேட்காது. மின்சாரம் போதாமல் போவதற்கான வாய்ப்பு கூடியது 1.5 வீதம் வரை இருக்கலாம் என்பது திட்டத்தில் வைக்கப்பட்ட எல்லை. ஆண்டுக்கு 8,760 மணித்தியாலம். அதில் 1.5 வீதம் ஏறத்தாழ 131 மணித்தியாலம். இதுவும் உற்பத்தி போதாமைக்கு மட்டும். மரம் விழுந்து, பெட்டி எரிந்து, கம்பி அறுந்து இருட்டில் இருக்கும் நேரம் இதற்கு வெளியே.

மூன்றாவது, எரிபொருள் விலை. இதில்தான் நாம் சூடுபட்டோம். நுரைச்சோலை அனல் மின் நிலையம் (நம் அக்கரைப்பற்று நுரைச்சோலை அல்ல, புத்தளத்து நுரைச்சோலை) 2011இல் முதல் அலகோடு தொடங்கி 2014இல் 900 மெகாவாட்டாக நிறைவடைந்தது. நாட்டுக்குப் பெரும்பாலும் மலிவான மின்சாரம் கொடுத்தது அதுதான். அதை மறுக்க மாட்டோம். ஆனால் 2020இல் உலகச் சந்தையில் டன் 50, 60 டொலருக்கு விற்ற நிலக்கரி 2022இல் 400 டொலரைத் தாண்டியது. அதே ஆண்டில் 203 ரூபாயாக இருந்த டொலர் 360 ரூபாயானது. எந்த மென்பொருளுக்கும் இப்படியொரு ஆண்டு வரும் என்று எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பிறகு பட்டியல் வந்தது.

அந்தப் பட்டியலை எமது உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதம் 30 அலகு எரிக்கிற வீடு, அதாவது இரண்டு மூன்று பல்பும் ஒரு விசிறியும் ஒரு சின்ன டீவியும் உள்ள வீடு, 2022 ஓகஸ்டுக்கு முன் அலகுக்கு 2.50 ரூபாயும் நிலையான கட்டணம் 30 ரூபாயுமாக 105 ரூபாய் கட்டியது. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய். மொத்தம் 1,300 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். மாதத்தில் ஒரு நாள் முழுக்கவும் அடுத்த நாளில் கொஞ்சமும் கொழுந்து பறித்தது விளக்கெரிக்க மட்டும். பின்னர் அந்தக் கட்டணம் பல தடவை குறைக்கப்பட்டது. குறைத்ததை வரவேற்கிறோம். ஆனால் ஏறியபோது யார் முதலில் அடிபட்டார் என்பதையும் எழுதி வைக்கிறோம். திட்டத்தின் ‘மொத்தச் செலவு’ என்ற எண்ணுக்குள் அதை யார் எவ்வளவு கட்டுவது என்ற கேள்வியே கிடையாது. மொத்தம் குறைந்தால் போதும் என்பதே அதன் சட்டம்.

அடுத்தது நிலமும் நீரும். எமது சங்கத்துக்கு இதில்தான் பழைய கணக்கு இருக்கிறது.

நாட்டின் நீர்மின்சாரத்தில் பெரும்பங்கு தேயிலை மலைகளுக்கு நடுவிலிருந்து வருகிறது. 1960களில் காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் கட்டப்பட்டன. மவுஸ்ஸாகலைக்காக பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோவிலும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டும். அதைப் பார்க்க ஆட்கள் படையெடுப்பார்கள். திட்டமிடும் கணக்கில் பழைய நிலையங்களின் கட்டுமானச் செலவு சேராது. ஏற்கெனவே செலவழிந்து போனது, இனி எடுக்கும் முடிவை அது மாற்றாது என்பது பொருளியல் விதி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மூழ்கிய செலவு’. மஸ்கெலியாக்காரருக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. 2012இல் 150 மெகாவாட்டோடு திறக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் லயங்களும் வீடுகளும் இடம் மாறின. சென் கிளேயர் நீர்வீழ்ச்சியின் தண்ணீர் சுரங்கத்துக்குள் போனது. மலையகத்தில் எதிர்ப்பு எழுந்தது. எழுந்தவர்களைப் பார்த்து நாட்டின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்றார்கள். இடப்பெயர்வுக்குப் பணம் கொடுத்தால் அது கணக்கில் ஒரு வரி. கொடுக்காத பகுதி எந்த வரியிலும் வராது. கொடுக்காவிட்டால் திட்டம் மலிவாகத் தெரியும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

இன்னும் வரப்போவது உண்டு. சூரிய மின்சாரம் பெருகினால் பகலில் தண்ணீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கும் நிலையங்கள் வேண்டும். 600 மெகாவாட்டில் மகாஓயா என்ற இடத்தில் ஒன்று திட்டங்களில் இருக்கிறது. நம் மாவட்டத்து மகாஓயா என்று நினைத்துவிட வேண்டாம். இது மலைநாட்டின் மேற்குச் சரிவில், அரநாயக்க பக்கம். அந்த மலைகளில் எவருடைய லயம், எவருடைய மரக்கறித் தோட்டம், எந்தத் தேயிலை மலை போகும் என்பதை இப்போதே கேட்க வேண்டியவர்கள் நாம்.

நீருக்கு வருவோம். சேனநாயக்க சமுத்திரத்தின் அடியில் இருக்கும் இங்கினியாகலை நிலையம் 11 மெகாவாட் மட்டும். நுரைச்சோலையின் ஓர் அலகுக்கு முன் அது ஒரு தூசு. ஆனால் அங்கே திறக்கும் தண்ணீர்தான் வீரமுனைக்கும் சம்மாந்துறைக்கும் வயல். கல்லோயாவில் வயலுக்குத் திறக்கும் தண்ணீர் போகிற வழியில் மின்சாரமும் தருகிறது. அதனால் இங்கே சண்டை இல்லை. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 2023 சிறுபோகத்தில் வளவை விவசாயிகள் சமனலவெவவிலிருந்து தண்ணீர் கேட்டார்கள். திறந்தால் தென்பகுதிக்கு மின்வெட்டு வரும் என்று மின்சாரத் தரப்பு தயங்கியது. பயிர் காய்ந்து, விவசாயிகள் வீதியில் இறங்கி, ஓகஸ்டில் அமைச்சரவை தலையிட்ட பிறகே தண்ணீர் வந்தது. மென்பொருளுக்குள் ‘நீரின் பெறுமதி’ என்று ஓர் எண் உண்டு. இன்று இந்தத் தண்ணீரை விட்டால் நாளை எவ்வளவு எண்ணெய் எரிக்க வேண்டிவரும் என்பதே அந்த எண். நெல்லுக்கு அதில் விலை இல்லை. நீர்ப்பாசனம் என்பது ‘இவ்வளவு கட்டாயம் விட வேண்டும்’ என்ற ஒரு கட்டுப்பாடாக மட்டும் உள்ளே போகும். அந்தக் கட்டுப்பாட்டை எவ்வளவு என்று எழுதுவது, வரட்சி ஆண்டில் எவ்வளவு என்று எழுதுவது என்பதை வட்டவிதானையும் விவசாய அமைப்பும் இருந்து பேசினால் ஒரு எண் வரும். கொழும்பில் ஒரு மேசையில் இருந்து எழுதினால் வேறு எண் வரும்.

சம்பூரை நம் கிழக்கில் எவரும் மறக்க முடியாது. 2006இல் யுத்தம் அந்த மக்களை வெளியேற்றியது. அவர்கள் முகாம்களில் இருக்கும்போதே அந்த மண்ணில் இந்தியக் கூட்டில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்று முடிவானது. திட்ட அட்டவணையில் அது ‘திருகோணமலை நிலக்கரி’ என்று ஒரு வரி. மூலதனம் இவ்வளவு, வெப்பத்திறன் இவ்வளவு. 2016இல் அது கைவிடப்பட்டு இப்போது சூரிய மின் திட்டமாக மாறியிருக்கிறது. மக்கள் பேசியதும் எழுதியதும் நீதிமன்றம் போனதும் அந்த அட்டவணையை மாற்றியதில் பங்கெடுத்தன என்று நாம் நம்புகிறோம்.

அட்டவணையை மாற்ற முடியும் என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2018–2037 திட்டத்தை மின்சார சபை நிலக்கரியோடு கொடுத்தது. 2017 ஜூலையில் ஆணைக்குழு புதிய நிலக்கரி இல்லாத ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. மின்சார சபைப் பொறியியலாளர் சங்கம் கொதித்தெழுந்தது, இது மலிவான திட்டம் அல்ல என்றது. ஆணைக்குழுவோ, புகையும் சாம்பலும் மக்களின் நெஞ்சிலும் வயலிலும் ஏற்றும் செலவைச் சேர்த்தால் நிலக்கரி மலிவு அல்ல என்றது. இருவர் சொன்னதிலும் கணக்குப் பிழை இல்லை. எதை உள்ளே சேர்ப்பது என்பதில்தான் பிரிந்தார்கள். யார் பக்கம் சரி என்று இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஒரு தொழிற்சங்கம் அந்தப் பொறியியலாளர்களுடைய சங்கமாக இருந்தாலும் மென்பொருளின் உள்ளீட்டைப் பற்றி நாடறியப் பேசியது. நாம் ஏன் பேசவில்லை?

இதை எழுதுமுன் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதும் காக்கா ஒருவரோடு பேசினோம். அவர் மறுத்துச் சொன்னதையும் இங்கே வைப்பது நியாயம். “தம்பிமார், ஆளாளுக்கு ஒரு எண்ணைச் சொல்ல வெளிக்கிட்டா ஒரு ஸ்டேஷனும் எழும்பாது. அரசியல்வாதிக்கு அதுதான் வசதி. திட்டம் எண்டு ஒண்டு இருந்து அதன்படி நடந்திருந்தாலே நமக்கு இந்தப் பில் வந்திருக்காது” என்றார்.

அதில் பெரிய உண்மை இருக்கிறது. திட்டத்தில் உள்ளதைக் காலத்தில் கட்டாததால் வந்த நட்டம், திட்டத்தின் பிழையால் வந்த நட்டத்தைவிடக் குறைந்ததாக இருக்காது. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் அளவிலான இயற்கை வாயு நிலையத்துக்கு 2016இல் விலைமனு கோரப்பட்டது. வழக்கும் இழுபறியுமாகப் போய், அதன் முதற்கட்டம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 2024இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பற்றாக்குறையை நிரப்ப எண்ணெய் எரித்தோம். மன்னாரில் அதானி நிறுவனத்தோடு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று 2024இல் பேசப்பட்ட காற்றாலை, போட்டி விலைமனு இல்லாமல் வந்தது. 2025 பெப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. இவை மென்பொருள் செய்த வேலைகள் அல்ல. அதனால்தான் நாம் ‘ஆகக் குறைந்த செலவு’ என்ற சட்டத்தையும், அந்தக் கணக்கைப் போடும் பொறியியலாளர்களையும் கைவிடச் சொல்லவில்லை. சட்டத்தில் அந்தச் சொல் இருப்பது ஊழலுக்கு ஒரு வேலி. வேலிக்குள் எதை நடுவது என்பதில் எமக்கும் பங்கு வேண்டும் என்கிறோம். காக்காவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப எண்ணோட வாங்க, வெறும் வாயோட வராதீங்க” என்றார். அதை எமது கிளை ஏற்றுக்கொள்கிறது.

இப்போது இதைப் பேச வேண்டிய காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கின்றன. நீண்டகாலத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு தேசிய முறைமை இயக்குநருக்குப் போகிறது. புதிய கைகளில் புதிய கோப்பு திறக்கப்படும்போதுதான் பழைய வழக்கங்களைக் கேள்வி கேட்க முடியும். கட்டணத் திருத்தம் வரும்போது ஆணைக்குழு மாகாணங்களில் மக்கள் கருத்தைக் கேட்கிறது. எமது ஆட்களும் போய் ‘கூட்டாதே’ என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். ஆனால் கட்டணம் என்பது நெல் அளக்கும் இடம். விதைத்தது திட்டத்தில், பத்து ஆண்டு முன்னால். அந்த இடத்தில் தோட்டத் தொழிலாளர் சங்கங்களின் எழுத்து வந்ததை நாம் கண்டதில்லை. எமது சங்கத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

நாம் கேட்கப்போவது பெரிதல்ல. உள்ளீட்டு எண்கள் எல்லாம், கழிவு வீதம், இருளின் விலை, எரிபொருள் விலை, நீர் விடுவிப்பு, நிலத்துக்கு வைத்த விலை ஆகியவை தமிழிலும் சிங்களத்திலும் சில பக்கங்களில் வெளியிடப்பட வேண்டும். நாம் கண்ட திட்ட நூல்கள் எல்லாம் நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பக்கங்கள். மாற்று எண்களைப் போட்டால் திட்டம் எப்படி மாறுகிறது என்பதை முன்பக்கத்தில் காட்ட வேண்டும். 30 அலகுக்குக் குறைந்த வீடுகளின் பட்டியலுக்கு ஒவ்வொரு திட்டத் தெரிவும் என்ன செய்யும் என்று ஓர் அட்டவணை வேண்டும். தோட்டக் காணியில் வரும் எந்தத் திட்டத்துக்கும், அங்கே குடியிருப்பவருக்குக் காணி உறுதி இல்லை என்ற சாட்டில் இழப்பீட்டுச் செலவைப் பூச்சியமாக எழுதக் கூடாது. இந்த நான்கையும் எழுத்தில் கொடுக்கும்படி தலைமைச் செயற்குழுவைக் கேட்டிருக்கிறோம்.

நம் கிளையின் பங்கு இது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது 2022, 2023 மின் பட்டியல்கள் வைத்திருப்போர் கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. மலையகத்தில் உள்ள உறவினரிடமிருந்து கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் மின்சாரம் நின்ற திகதி, நேரம், வந்த நேரம், அதனால் நின்ற வேலை என்ன என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் குறித்தால் அரை டொலருக்குப் பதிலாக நாம் ஓர் எண்ணைச் சொல்லலாம். முதல் கொப்பியை, கொம்பியூட்டருக்கு எதிராகக் கோஷம் போட முடியாது என்று சொன்ன அதே மூத்த உறுப்பினரே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.